சித்தப்பா மகளும் இங்கிலாந்து ராஜாவும்

செத்து எழுநூறு வருஷமானவர்களுக்காக வேலை பார்ப்பதில் ஒரு பெரிய வசதி, அவர்கள் யாரும் போன் செய்து திட்டமாட்டார்கள்; அந்தக் கைங்கர்யத்தை அமெரிக்காவில் இருக்கும் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

கஸ்டமரிடம் பேச்சு வாங்கிப் பிழைக்கும் என் சக ஜீவன்களே, நீங்கள் லோன் விற்றிருப்பீர்கள், சிம் கார்டு விற்றிருப்பீர்கள். நான் தாத்தா விற்றேன். மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் ஒரு செல்போன் கடை, அதற்கு மேல் மாடி. நாலு கம்ப்யூட்டர், ஒரு யூபிஎஸ், முதலாளி இளங்கோ சார். அமெரிக்காவில் உள்ள வெள்ளைக்காரக் குடும்பங்களின் வம்சத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பின்னால் கொண்டுபோய், முடிந்தால் இங்கிலாந்தில் ஏதாவது ஒரு பழைய ராஜாவோடு முடிச்சுப் போடுவதுதான் எங்கள் வேலை. அந்தக் காலத்து சர்ச் பதிவேடு, உயில், கல்யாணப் பதிவு எல்லாவற்றையும் யாரோ புண்ணியவான்கள் படம் பிடித்து கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். கோழி கிண்டின மாதிரி இருக்கும் அந்தக் கையெழுத்தை உட்கார்ந்து படித்தால் கண்ணு பூத்துப்போகும்.

பாட்டனைத் தேடும் உத்தியோகம்

நெய்வேலிப் பக்கம் மனித குலத்தில் ரெண்டே ஜாதி. ஒன்று பர்மனென்ட், இன்னொன்று காண்ட்ராக்ட். பெண் கொடுப்பது, பால் கணக்கு வைப்பது, கோயில் விழாவில் மாலை போடுவது எல்லாம் இதை வைத்துத்தான். என் அப்பா கலியமூர்த்தி இருபத்திரண்டு வருஷமாக காண்ட்ராக்ட். சுரங்கத்தில் ஓடும் பெல்ட்டுக்குக் கீழே சிந்துகிற மண்ணை வாரிப்போடுகிற வேலை. அதற்கு முன்னால் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் கூலி.

இன்டர்வியூவில் இளங்கோ சார் சுற்றி வளைக்கவில்லை. "கவிதா, மூணு மாசம் டிரையல். உன் முதல் ஃபைல்ல ஒரு தப்பும் இல்லைன்னா பர்மனென்ட் ஆர்டர். தப்பு இருந்தா..." என்று நிறுத்தி, ஜன்னல் வழியாக பஸ் ஸ்டாண்டைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. பி.ஏ. ஆங்கிலம் படித்த முதல் பெண் எங்கள் வீட்டில் நான். அந்த ஆர்டர் காகிதம் எனக்கு எவ்வளவு வேண்டுமோ அதைவிட அப்பாவுக்கு வேண்டும்.

சாயங்காலம் அப்பாவிடம் வேலை என்னவென்று விளக்கினேன். அமெரிக்காக்காரர்களுக்கு அவர்களுடைய பாட்டன் பூட்டனைத் தேடிக் கொடுக்க வேண்டும் என்றேன். அவர் முகம் கழுவிக்கொண்டே ரொம்ப யோசித்தார். "ஏன் பாப்பா, எங்கனா தொலைச்சிட்டாங்களா? சரி வுடு. பர்மனென்ட்டுன்னா யாரை வேணாலும் தேடிக் குடு."

வேற தாத்தா இருக்காரா?

பக்கத்து நாற்காலி நஸ்ரின். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள், அவள் அப்பா அனல்மின் நிலையத்தில் பர்மனென்ட். எனக்கு முன்னால் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. தொழிலைக் கற்றுக்கொடுத்தது அவள்தான். ஒரு எழுத்து புரியவில்லை என்று கேட்டால் தன் வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்து பார்ப்பாள். அந்த மாதிரி ஒருத்தி பக்கத்தில் கிடைப்பதற்கு நான் எந்தச் சாமிக்குத் தேங்காய் உடைத்தேனோ தெரியவில்லை.

முதல் வாரம் அவள் பேசிய ஒரு கஸ்டமர் டெக்சாஸ்காரர். அவருக்கு ஒரு நிஜப் பிரபுவையே கண்டுபிடித்திருந்தாள். கோட்டை உண்டு, குதிரை உண்டு, எல்லாம் சரி. ஆனால் பக்கத்துப் பிரபுவின் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனதற்காக அவரைத் தூக்கில் போட்டிருந்தார்கள். இதை நஸ்ரின் பக்குவமாக, துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னாள். டெக்சாஸ்காரர் மெதுவாகக் கேட்டார்: "இவரை ஓரமா வச்சுட்டு, வேற தாத்தா யாராவது இருக்காரான்னு பாக்க முடியுமா?"

கரண்ட் தயாரிக்கும் ஊர்

என் முதல் ஃபைல் பெவர்லி அம்மா. ஒஹாயோவில் தனியாக இருக்கிறவர், வயது எழுபத்தெட்டு. எங்களுக்குக் காலை ஆறரை என்றால் அவருக்கு முந்தின நாள் ராத்திரிச் சாப்பாடு முடிகிற நேரம். தினமும் கூப்பிடுவார்.

அவருக்கு வேண்டியது இதுதான். அங்கே ராஜ வம்சத்தாருக்கென்று ஒரு சங்கம் இருக்கிறதாம். ஆதாரத்தோடு நிரூபித்தால், ராஜாவில் ஆரம்பித்து நம் வரைக்கும் முழு வரிசையையும் தங்கள் புத்தகத்தில் அச்சுப் போடுவார்களாம். தன் பெயருக்காக அவர் அலையவில்லை. அவருடைய அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். மேலதிகாரி ஒருத்தன்கூட அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லையாம், "ஏய், நீ" தானாம். அந்தப் பெயர் ஒரு ராஜாவுக்குக் கீழே அச்சில் வரவேண்டும் என்று அந்த அம்மாவுக்கு ஒரு வைராக்கியம். எங்கப்பாவை மேஸ்திரி "ஏய் பெல்ட்டு" என்று கூப்பிடுவான். இதை நான் அவரிடம் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கே அந்த ஃபைல் எனக்குச் சொந்தமாகிவிட்டது.

அது ஊரெங்கும் மின்வெட்டு தலைவிரித்தாடிய சமயம். டவுன்ஷிப்புக்குள் விளக்கு எரியும், தெருவுக்கு இந்தப் பக்கம் மந்தாரக்குப்பத்தில் இருட்டு. ஒருநாள் பேசிக்கொண்டிருக்கும்போதே யூபிஎஸ் கீச்கீச்சென்று கத்தியது. கரண்ட் போய்விட்டது, இன்னும் பத்து நிமிஷம்தான் பேசலாம் என்றேன். உங்கள் ஊரில் என்னதான் தொழில் என்று கேட்டார். நிலக்கரி வெட்டி கரண்ட் தயாரிக்கிறோம் என்றேன், வேறென்ன சொல்ல! பெவர்லி அம்மா சிரிக்கவில்லை. "எங்க ஊரும் அப்படித்தான் கண்ணு. கரி வெட்டினது எங்கப்பா, குளிர்ல நடுங்கினது நாங்க."

ரெண்டு பேரில் நானூறு வருஷம்

தாமஸ், வில்லியம், ஹென்றி என்று ஊரான் வீட்டுத் தாத்தாக்களோடு புழங்கிப் புழங்கி எனக்கும் ஒரு ஆசை வந்தது. சாப்பாட்டு நேரத்தில் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து என் வம்சத்தை எழுத உட்கார்ந்தேன். அப்பா கலியமூர்த்தி. அவருடைய அப்பா தங்கவேல், குள்ளஞ்சாவடிப் பக்கம் ஒரு கிராமம். அதற்கு மேல் பேனா நகரவில்லை. அப்பாவுக்கு போன் போட்டேன். தங்கவேலுக்கு அப்பா யார்? "என் பேரே எங்க தாத்தன் பேருதானே. கலியமூர்த்தி." அவருக்கு அப்பா? "எங்கப்பனுக்கும் அவரு தாத்தன் பேருதான் வச்சிருப்பாங்க. அப்ப அவரு தங்கவேலு, அவரு அப்பன் கலியமூர்த்தி, நீயே மாத்தி மாத்தி எழுதிக்கினு போ."

சிரித்தேன், ஆனால் வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. நிலம் இருந்தால்தான் பத்திரம், பத்திரம் இருந்தால்தான் பேர். வெள்ளைக்காரன் ஊரில் மாடு திருடியவனுக்குக்கூட எழுத்தில் ஆதாரம் இருக்கிறது. நாத்து நட்ட என் ஆட்களுக்கு ஒரு வரி கிடையாது. தாளைக் கசக்கப் போனேன். நஸ்ரின் பிடுங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ரெண்டே பேரை வச்சு நானூறு வருஷம் ஓட்டியிருக்கீங்களேடி, உங்க சிக்கனம் யாருக்கு வரும்!"

அண்ணன் தங்கச்சிக்குக் கல்யாணமா?

பத்து வாரத்தில் பெவர்லி அம்மாவை நானூறு வருஷம் பின்னால் கொண்டுபோய்விட்டேன். அங்கே தாமஸ் என்று ஒருவர், அவர் மனைவி மார்கரெட். மார்கரெட்டின் அம்மா பெரிய இடத்துப் பெண். அந்த அம்மா வழியாக ஏறினால் படபடவென்று பிரபு, கோமகன், ராஜா என்று போய்விடும். தாமஸ் மார்கரெட் கல்யாணத்தை மட்டும் உறுதி செய்துவிட்டால் முடிந்தது கதை.

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. ரெண்டு பேருக்கும் ஒரே குடும்பப் பெயர். நோண்டிப் பார்த்தால், தாமஸின் அப்பா ரிச்சர்ட், மார்கரெட்டின் அப்பா ஹென்றி, ரெண்டு பேரும் கூடப்பிறந்த அண்ணன் தம்பி! அடக் கடவுளே. அத்தை பெண்ணாக இருந்தால் சந்தோஷமாக டிக் அடித்திருப்பேன். மாமன் பெண்ணாக இருந்தால் மனசுக்குள் மேளம் கொட்டியிருப்பேன். இது சித்தப்பா பெண்ணாச்சே! தங்கச்சியை எவனாவது கட்டுவானா? பதிவேடு எழுதின குமாஸ்தா தூக்கக் கலக்கத்தில் எழுதிவிட்டான் என்று முடிவே கட்டிவிட்டேன். 'மார்கரெட் தாமஸுக்கு மனைவியாக இருக்க முடியாது, தங்கை முறை. ராஜ வம்சத் தொடர்பு இல்லை' என்று ரிப்போர்ட் அடித்தேன். இளங்கோ சார் சரிபார்த்தார். சாரும் நம்ம ஊர்க்காரர்தானே! "ஆமாமா, இது எப்படி முடியும்" என்று தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார். இல்லாத ராஜாவை ஒட்டவைக்காமல் உள்ளதைச் சொன்னதற்காகப் பாராட்டும் கிடைத்தது. திங்கட்கிழமை பர்மனென்ட் ஆர்டர் என்றார்.

அப்பா சனிக்கிழமை முதல் ஷிப்டிலேயே பூந்திப் பொட்டலத்தோடு போய், கூட வேலை பார்க்கிற அத்தனை பேருக்கும் கொடுத்துவிட்டார். அன்றைக்குக் காலையில் எனக்கு ஒஹாயோவிலிருந்து மெயில் வந்திருந்தது. "உன் உழைப்புக்கு நன்றி. எங்கப்பா இருந்திருந்தா சிரிச்சிருப்பார், அவருக்கு ராஜாக்கள் மேல நம்பிக்கையே கிடையாது."

மாப்பிள்ளை யார்?

அதே சனிக்கிழமை மத்தியானம் நஸ்ரின் வெட்கத்தோடு ஒரு பத்திரிகையை நீட்டினாள். அவளுக்குக் கல்யாணம். கட்டிப்பிடித்து, கன்னத்தைக் கிள்ளி, மாப்பிள்ளை யார், எந்த ஊர் என்று கேட்டேன். பரங்கிப்பேட்டையாம். அவளுடைய சாச்சா மகனாம். சாச்சா என்றால் யாரடி என்றேன். "சித்தப்பா."

அடிப்பாவி, அப்படியென்றால் அவர் உனக்கு அண்ணன் முறையாச்சே என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். வேறு யாராவது இருந்தால் கோபித்திருப்பார்கள். நஸ்ரின் விழுந்து விழுந்து சிரித்தாள். "உங்கள்லதாண்டி அண்ணன் முறை. எங்கள்ல மாப்பிள்ளை முறை."

திங்கட்கிழமை

அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். எனக்குத் தாமஸ் ஞாபகம் வந்துவிட்டது. நம் தெருவில் ஒரு முறை, அடுத்த தெருவில் ஒரு முறை. அப்படியிருக்க, கடல் தாண்டி, நானூறு வருஷம் தாண்டி இருக்கிற தாமஸுக்கு நான் எங்கள் வீட்டு முறையைக் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறேன்! கம்ப்யூட்டரைத் திறந்து, அவர்களுடைய தாத்தாவின் உயிலைத் தேடிப் பிடித்தேன். 'என் மகன் ரிச்சர்டின் பிள்ளை தாமஸுக்கும், அவன் மனைவியான என் மகன் ஹென்றியின் பெண் மார்கரெட்டுக்கும் வடக்கு வயல்' என்று பளிச்சென்று இருந்தது. கிழவர் கும்பிட்டுச் சொல்லாத குறை. குமாஸ்தா தூங்கவில்லை, தூங்கினது நான்தான்.

உண்மையைச் சொல்கிறேன், ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். இல்லை என்று போன ரிப்போர்ட்டை யாரும் மறுபடி புரட்டுவதில்லை. ஒரு நாள் பல்லைக் கடித்தால் ஆர்டர் கைக்கு வந்துவிடும். பூந்தி வேறு கொடுத்தாகிவிட்டது. ஆனால் சோறு இறங்கவில்லை. அந்த மனுஷர் ஆயுசு பூராவும் பேரில்லாமல் கரி வெட்டியிருக்கிறார். அச்சில் வரவேண்டிய ஒரே ஒரு தடவையையும், சுரங்கத்து ஆளுக்குப் பிறந்த நானே அடித்துவிட்டேனே என்று அழுகையாக வந்தது.

திங்கட்கிழமை சார் மேஜை மேல் ஆர்டர் தயாராக இருந்தது, கையெழுத்து மட்டும் பாக்கி. உயிலை அதன் மேல் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ரெண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டப்போகிறார் என்று நின்றேன். ஆர்டரை மடித்து டிராயரில் வைத்துவிட்டுச் சொன்னார்: "தப்பு தப்புதான்மா, உனக்கு இன்னும் மூணு மாசம் டிரையல். பார்த்துட்டுக் கையெழுத்துப் போட்டதுக்கு எனக்கும் மூணு மாசம் போட்டுக்கறேன்."

மூணு மாசத்துக்கா அழுவுற?

வேலை போகவில்லை என்பதே பெரிய விஷயம். சாரை இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் வீட்டுக்குப் போய் அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே! சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் தாமஸ், மார்கரெட், நஸ்ரின், உயில் என்று முழுவதையும் ஒப்பித்தேன். ஆர்டர் இல்லை என்ற இடத்தில் அவர் கை நின்றது. அதைப் பார்த்ததும் நான் உடைந்து போனேன். ஊருக்கெல்லாம் பூந்தி கொடுத்தாயிற்றே அப்பா, நாளைக்குக் கேட்பார்களே என்று விசும்பினேன்.

"பூந்தியா? அது எப்பவோ செரிச்சிப் போயிருக்கும். ஒருத்தன் பேரை அடிச்சிட்டு நீ ஆர்டர் வாங்கிக்கினு வந்திருந்தா அதுதான் எனக்குச் செரிச்சிருக்காது." கொஞ்ச நேரம் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்தார். அப்புறம் என் தலையில் லேசாக ஒரு தட்டு தட்டினார். "நான் இருபத்திரண்டு வருஷமா டிரையல்லதான் கெடக்கிறேன், நீ மூணு மாசத்துக்கா இப்படி அழுவுற?"

கசின் என்றால்

மறுநாள் காலை ஆறரைக்கு நானே பெவர்லி அம்மாவைக் கூப்பிட்டேன். மேடம், உங்கள் ராஜா கிடைத்துவிட்டார், நான்தான் தொலைத்தேன் என்று ஆரம்பித்தேன். எப்படி என்றார். என் ஓட்டை இங்கிலீஷில் விளக்கினேன். உங்கள் பாஷையில் எல்லாரும் 'கசின்'. எங்கள் பாஷையில் அந்த ஒரு சொல் கிடையாது. அத்தை மகள் என்றால் கட்டிக்கொள்ளலாம், சித்தப்பா மகள் என்றால் தங்கச்சி. உங்கள் தாமஸ் தங்கச்சியைக் கட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை, அதனால் பிரித்துவிட்டேன்.

அந்தப் பக்கம் அப்படி ஒரு சிரிப்பு, இருமல் வந்து அடங்குகிற வரைக்கும். ஆதாரத்தைப் படித்துக் காட்டினேன். உயிலில் வடக்கு வயல் என்ற இடத்தை மறுபடி படிக்கச் சொன்னார். அப்பா பெயர் அச்சில் வரும்தானே என்று ரெண்டு தடவை கேட்டார். வரும் மேடம், நான் உயிரோடு இருக்கிறவரைக்கும் பொறுப்பு என்றேன். மன்னிப்புக் கேட்டதற்கு அவர் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை. "எங்க ஆளுங்களை உன் வீட்டு ஆளுங்க மாதிரி நினைச்சுதானே கோபப்பட்டே? எனக்கு இத்தனை வயசுல அப்படி யாரும் நினைச்சதில்லை."

ஒரே வரி

சங்கத்துக்காரர்கள் ஒரு காகிதம் விடாமல் துருவிப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார்கள். பெவர்லி அம்மா புத்தகத்தின் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினார். உச்சியில் ராஜா, நடுவே என் தாமஸும் மார்கரெட்டும் ஜோடியாக, அடியில் அவருடைய அப்பா, பெயருக்குப் பக்கத்தில் 'நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி'. அதை அந்த அம்மாவே கேட்டுப் போடச் சொன்னாராம். நஸ்ரின் அதற்குள் கல்யாணம் முடிந்து பரங்கிப்பேட்டை போய்விட்டாள். அவளுக்கும் அனுப்பினேன். மார்கரெட்டைத் தன் பங்காளி என்று பதில் போட்டாள்.

மூணு மாசம் முடிந்த அன்றைக்கு சார் டிராயரைத் திறந்தார். பழைய தேதியை மாற்றிப் புதிதாக அடித்த ஆர்டர். ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். வீட்டில் அப்பா கையைத் துண்டில் நன்றாகத் துடைத்துவிட்டு அதை வாங்கினார். இங்கிலீஷ் தெரியாது, என்னைப் படிக்கச் சொன்னார். 'கலியமூர்த்தியின் மகள் கவிதா இந்த அலுவலகத்தில் பர்மனென்ட்' என்று தமிழில் சொன்னேன். அதில் தன் பேர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். விரல் வைத்துக் காட்டினேன். பர்மனென்ட் எங்கே என்றார். அதையும் காட்டினேன். ரெண்டுக்கும் நடுவில் அந்தத் தடித்த விரலை மெதுவாக நகர்த்திப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே வரியிலதான் இருக்குதா பாப்பா? அப்ப என் பேரும் பர்மனென்ட் ஆயிடுச்சி."

அதற்கப்புறம் எத்தனையோ அமெரிக்கக் குடும்பங்களை ராஜாக்களோடு சேர்த்து வைத்துவிட்டேன், ஆனால் உங்கள் வீட்டில் எத்தனை பேர் பர்மனென்ட் என்று யார் கேட்டாலும், கொஞ்சமும் கூச்சமில்லாமல், ஒரு ஆதாரமும் காட்டாமல், அப்பா "ரெண்டு பேரு" என்றுதான் சொல்லிக்கொண்டு திரிகிறார்.